புனுகு வேண்டும், பூனை வேண்டாம்

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா ஒரு படம் போட்டார். கம்பிக்கூண்டுக்குள் மிரண்டுபோய் ஒரு மூலையில் ஒடுங்கியிருக்கும் பிராணி. கீழே, “அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட மலபார் புனுகுப்பூனை பிடிபட்டது! அதிகம் பகிரவும்.” அதற்குள் ஏழெட்டு கைகூப்பு வந்திருந்தது.

நான் வாலைப் பார்த்தேன். நுனி வெள்ளை. முதுகில் பிடரிமயிர் மாதிரி கறுப்பு மயிர் எதுவும் இல்லை, கோடுகள்தான். “சித்தப்பா, இது சாதாரணப் புனுகுப்பூனை. நம் ஊர் முள்ளுக்காட்டிலேயே திரியும்” என்று எழுதினேன். “அப்படியா, சரி” என்றார். அவ்வளவுதான். அடுத்த நிமிடம் குழு யாருடைய சீமந்தப் பத்திரிகைக்கோ போய்விட்டது.

கூண்டுக்குள் இருந்தது உயிரோடுதான் இருந்தது. ஆனால் ‘அரிய’ என்ற அடைமொழி போனதும் அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் அந்த மலபார்க்காரரின் கதை. 1862இல் எட்வர்ட் பிளைத் இதற்கு அறிவியல் பெயர் வைத்தார். அதே நூற்றாண்டில் ஜெர்டன் என்ற இயற்கையியலாளர், ஹொன்னாவர் பக்கத்திலிருந்து கன்னியாகுமரி வரை கரையோரம் நெடுக இது இருக்கிறது, திருவிதாங்கூரில் நிறையவே இருக்கிறது என்று எழுதி வைத்தார். அப்புறம் ஆளையே காணோம். அழிந்தே போய்விட்டது என்று எல்லாரும் நினைத்திருந்தபோது, 1987இல் மலப்புறம் மாவட்டத்து எளயூர் பக்கம் இரண்டு தோல்கள் கிடைத்தன. புதிதாகக் கொல்லப்பட்டவற்றின் தோல்கள்! ‘மீண்டும் கண்டுபிடிப்பு’ என்று சந்தோஷப்பட்டதே இரண்டு பிணங்களை வைத்துத்தான்.

அந்தத் தோல்கள் வந்த இடம் புலிகள் காப்பகம் இல்லை, சோலைக்காடும் இல்லை. களையெடுக்காமல் புதர் மண்டிக்கிடந்த முந்திரித் தோப்புகள் இருக்கிற பகுதி. மரம் ஏறுவதில் இதற்கு அவ்வளவு நாட்டம் கிடையாது, தரையில் திரிகிற ஜாதி. ஒளிந்துகொள்ளப் புதர் வேண்டும். புதரை வெட்டி ரப்பர் வைத்தால் முடிந்தது கதை. நாம் காப்பாற்றிய காடெல்லாம் மலைமேல். இதன் வீடு கீழே, ஆள் புழங்குகிற சமவெளியில். சரணாலயத்துக்கு எத்தனை வேலி போட்டாலும் இதற்கு அது உதவியிருக்காது. பிறகு தானியங்கிக் கேமராக்களைக் கட்டி வைத்துத் தேடினார்கள். ஒரு படம்கூட விழவில்லை. சர்வதேசச் சிவப்புப் பட்டியலில் ‘மிக அருகிய இனம்’ என்று போட்டிருக்கிறார்கள்.

இதில் ஒரு திருப்பமும் உண்டு. 2010இல் ஆர். நந்தினி, திவ்யா முத்தப்பா என்ற இரண்டு காட்டுயிர் ஆய்வாளர்கள் அதுவரை கிடைத்த பழைய பதிவுகளையெல்லாம் அலசிவிட்டு ஒரு கேள்வி கேட்டார்கள்: அப்படி ஒரு தனி இனம் இங்கே இருந்ததா? புனுகு வியாபாரத்துக்காகத் தென்கிழக்கு ஆசியாவிலிருந்து கொண்டுவந்த பெரும்புள்ளிப் புனுகுப்பூனைகள் கூண்டிலிருந்து தப்பியவையாக இருக்கலாமே என்பது அவர்கள் சந்தேகம். இன்றுவரை தீராத வழக்கு. எனக்கு இந்தச் சந்தேகமே இனத்தைவிடச் சுவாரஸ்யமாகப் படுகிறது. அப்படியென்றால் ஒரு நறுமணப் பொருளுக்கான ஆசை, கடல் தாண்டி ஒரு பிராணியையே இழுத்துவந்து போட்டிருக்கிறது!

அந்த ஆசை நமக்குப் புதிதில்லை. நான் பிறந்தது மயிலாடுதுறை கூறைநாடு. எங்கள் தெருவிலிருந்து நடக்கிற தூரத்தில் புனுகீஸ்வரர் கோயில். புனுகுப்பூனை ஒன்று சிவலிங்கத்துக்குப் புனுகு சாத்தி வழிபட்டதாகத் தலபுராணம். திருவொற்றியூரில் ஆதிபுரீஸ்வரருக்கு வருஷம் முழுக்கக் கவசம். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் திறந்து புனுகு சாம்பிராணித் தைலம் சாத்துவார்கள். பாட்டியின் மரப்பெட்டியில் ஒரு குண்டுமணி அளவுக்குச் சின்ன டப்பா இருக்கும். திறந்தால் முதலில் குமட்டும், கொஞ்சம் கழித்துத்தான் வாசனை ஏறும். நாட்டு மருந்துக் கடையில் வாங்கினது. அது எதிலிருந்து வருகிறது என்று கேட்டால் “பூனையிலேர்ந்துடா” என்பாள். எப்படி வருகிறது என்று நானும் கேட்டதில்லை.

எப்படியென்றால் இப்படி. பிராணியைக் கூண்டில் அடைத்து நடுவே ஒரு கட்டையை நட்டு வைப்பார்கள். அது வாலடியில் இருக்கும் சுரப்பியைக் கட்டையில் தேய்க்கும். மஞ்சளாக, நெய் மாதிரி ஒட்டுவதை வழித்தெடுப்பார்கள். எத்தியோப்பியாவில் கட்டையெல்லாம் கிடையாது. ஆப்பிரிக்கப் புனுகுப்பூனையை ஆளுக்கொரு பக்கம் அமுக்கிப் பிடித்துக்கொண்டு கரண்டியாலேயே சுரண்டுகிறார்கள். இத்தனைக்கும் அந்த மணத்துக்குக் காரணமான சிவெட்டோனின் அமைப்பை 1926லேயே ருசிச்கா என்ற வேதியியலாளர் கண்டுபிடித்துவிட்டார். 1939இல் நோபல் பரிசும் வாங்கினார். 1998லிருந்து இயற்கைப் புனுகு சேர்ப்பதில்லை, செயற்கைதான் என்று ஷனெல் என்ற பிரெஞ்சு வாசனைத் திரவியக் கம்பெனியே சொல்கிறது. கோயில் வழக்கத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. இதன் மணம் வேண்டும் என்கிற ஊரில் பிராணியை மட்டும் ‘மரநாய், அடி’ என்கிறோமே (மரநாய் இதே குடும்பத்து இன்னொரு பிராணி), அதைத்தான் சொல்கிறேன்.

இந்தோனேசியாவின் லூவாக் காப்பியும் இதே ரகம். காட்டில் மரநாய் தின்று கழித்த கொட்டையைப் பொறுக்கிய காலம் போய், இப்போது சின்னக் கூண்டில் அடைத்துக் காப்பிப் பழமாகத் திணிக்கிறார்கள். சுற்றுலாப் பயணிகள் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். நம் குடகிலும் இந்தப் பெயரைச் சொல்லிக் காப்பி விற்க ஆரம்பித்தாயிற்று.

சரி, கூண்டை விட்டுக் காட்டுக்கு, வால்பாறைக்கு வருகிறேன். மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே உள்ள பழுப்பு மரநாய் அங்கே உண்டு. கோடு, புள்ளி எதுவும் இல்லாத, பார்க்க ஒன்றுமே இல்லாத பிராணி. திவ்யா முத்தப்பா இதைத்தான் களக்காடு முண்டந்துறைக் காட்டில் வருஷக்கணக்கில் பின்தொடர்ந்தார். இது பெரும்பாலும் பழம்தான் தின்கிறது. விதையைச் சிதைக்காமல் தள்ளிப்போய்க் கழிக்கிறது. பகலில் மரப்பொந்திலோ மலையணிலின் பழைய கூட்டிலோ சுருண்டு தூங்குகிறது. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே மிச்சமிருக்கும் துண்டுக்காடுகளிலும் எப்படியோ பிழைத்துக் கிடக்கிறது. பெரிய மரம் இருந்தால் போதும். அந்தப் பெரிய மரத்தைத்தான் நாம் முதலில் வெட்டுகிறோம்.

எங்கள் தாம்பரம் வீட்டு மொட்டைமாடிக்கும் ஒருத்தி வருகிறாள், சாதாரண மரநாய். (இதற்கு வைத்த அறிவியல் பெயரிலேயே ‘இருபாலி’ என்ற அர்த்தம் இருக்கிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும் அந்தச் சுரப்பி ஒரே மாதிரி தொங்குவதைப் பார்த்து ஏமாந்து வைத்தது.) காலையில் கைப்பிடிச் சுவர் மேல் பப்பாளி விதையும் சப்போட்டா விதையும் கோத்து வைத்த மாதிரி எச்சம் கிடக்கும். தண்ணீர்த் தொட்டிக்கு மேலே போட்ட தகரக்கூரைக்கும் சுவருக்கும் நடுவே இருக்கும் சந்தில் இந்த முறை குட்டி போட்டிருக்கிறாள். பக்கத்து வீட்டு மாமி, “கோழிக்குஞ்சைத் தூக்கிண்டு போயிடும் சார், ஆளைக் கூப்பிட்டுப் பிடிச்சுடுங்கோ” என்றார். மாமி வீட்டில் கோழி இல்லை. இருந்தாலும் பேசிப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தோம். குட்டிகள் தானாக வெளியே போகும்வரை விட்டுவிடுவது, அப்புறம் நான் அந்தச் சந்தை வலை போட்டு அடைத்துவிடுவது.

நேற்று ராத்திரி ஒன்றே முக்கால் மணிக்குச் சத்தம் கேட்டு ஜன்னல் வழியே பார்த்தேன். தாய் பப்பாளி மரத்துக்குத் தாவி இறங்கினாள். பின்னாலேயே இரண்டு குட்டி. மூன்றாவது தகர விளிம்பில் நின்று, இறங்கலாமா வேண்டாமா என்று ரொம்ப நேரம் யோசித்துக்கொண்டிருந்தது.