"தம்பி, ரெண்டு டவல்!"

ஈசிஆரில் ஒரு ரிசார்ட்டின் நீச்சல் குளத்தில் லைஃப்கார்டு வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள் ஆகின்றன. ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும்.

இடுப்பில் சுரைக்குடுவை கட்டிக் கிணற்றில் நீச்சல் பழகியவன் நான். மோட்டார் ரூம் மேலிருந்து குதித்தவனுக்கு இந்த நாலரை அடித் தண்ணீர் எம்மாத்திரம் என்றுதான் போனேன். பயிற்சியின் முதல் நாளே அந்த மிதப்பு இறங்கிவிட்டது. தண்ணீரில் குதிப்பது கடைசி வழியாம். முதலில் கம்பை நீட்டு, அப்புறம் மிதவையை வீசு, இரண்டும் ஆகாவிட்டால்தான் இறங்கு. மூழ்குகிறவன் கையில் சிக்கியதைப் பிடித்து அமுக்குவான், அது உன் கழுத்தாகவும் இருக்கலாம் என்றார் பயிற்சியாளர்.

உண்மையில் இந்த வேலையில் நீச்சல் கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் பார்ப்பது. பத்து நொடிக்குள் என் பகுதி முழுவதையும் அடித்தரை வரை கண்ணால் ஒரு சுற்று வர வேண்டும். ஆபத்து தெரிந்தால் அடுத்த இருபது நொடிக்குள் ஆளிடம் போய்ச் சேர வேண்டும். மூன்று மணி வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணைக் கூசும்போது அடித்தரையே தெரியாது; எழுந்து இடம் மாறி நின்று பார்ப்பேன். பார்க்கிறவர்களுக்கு நான் சும்மா உலாத்துகிறேன்.

காணும் பொங்கலன்று குளத்தில் இடமே இல்லை. ஒரு அம்மா "தம்பி, ரெண்டு டவல்" என்றார். கெஸ்ட் கேட்டால் கொடுத்தே ஆகணும் என்பது சூப்பர்வைசர் உத்தரவு. எடுத்துக்கொண்டு திரும்பினால், ஆறு வயது இருக்கும், ஒரு பையன். சத்தமில்லை, கையசைப்பு இல்லை. தலை பின்னால் சாய்ந்து, வாய் மட்டும் தண்ணீர் மட்டத்தில் வருவதும் போவதுமாக இருந்தது. கண்ணில் ஒட்டிய முடியைக்கூட அவன் தள்ளிவிடவில்லை. இரண்டு எட்டு தள்ளி அப்பா செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்.

சினிமாவில்தான் "காப்பாத்துங்க" என்று கத்துவார்கள். மூச்சுக்கே வழியில்லாதவன் எப்படிக் கத்துவான்? நியூயார்க்கில் லைஃப்கார்டாக இருந்த பிராங்க் பியா இதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே கவனித்து எழுதியிருக்கிறார்: அப்படித் தத்தளிப்பது 20 முதல் 60 நொடிதான், அப்புறம் ஆள் உள்ளே போய்விடும்.

தூக்கி வெளியே போட்டேன். இருமினான், அழுதான். அழுகை கேட்டதும்தான் எனக்கு உயிர் வந்தது. கூட்டத்தில் ஒருவர் "தலைகீழாப் புடிங்க" என்றார். தயவுசெய்து அதை யாரும் செய்யாதீர்கள். அப்பா, "விளையாடிட்டுத்தானே இருந்தான்?" என்றார். மாலையில் சூப்பர்வைசர் கூப்பிட்டார். டவல் வரவில்லை என்று புகாராம்.

கேட்ட அம்மாவைக் குறை சொல்லமாட்டேன், அவருக்கென்ன தெரியும். லைஃப்கார்டு தலையில் டவலையும் காலி டம்ளரையும் கட்டுகிற நிர்வாகத்தைத்தான் சொல்கிறேன். அதற்குத் தனியாக ஒரு ஆள் போட்டால் குடியா முழுகிவிடும்? பெற்றோருக்கும் ஒன்று: பிள்ளை உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். நான் ஒருவன், தண்ணீரில் நாற்பது தலை.

எங்கள் டவல் ரேக் இன்னும் என் நாற்காலிக்குப் பின்னால்தான் இருக்கிறது. தண்ணீருக்கு முதுகைக் காட்டாமல் அதிலிருந்து ஒன்று எடுக்க முடியாது.