தரை என்றால் நடக்கத்தானே?

மூன்று வருடம் வாடகைக்கு இருந்த மரத்தரை வீட்டைக் காலி செய்துவிட்டோம். நேற்று ஓனரிடமிருந்து கணக்கு வந்துவிட்டது. அட்வான்ஸில் 35,000 ரூபாய் பிடித்தம், 'தரை சேதம்' என்று ஒரே வரி. ஆசாரி கொடுத்த எஸ்டிமேட் எங்கே என்றால் பதில் இல்லை.

தேய்மானம் வேறு, சேதம் வேறு. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டமே இயல்பான தேய்மானத்தைக் குடியிருப்பவர் தலையில் கட்டவில்லை. மூன்று வருடம் நான்கு பேர் நடந்த தரை மங்கத்தான் செய்யும். அந்த நடைக்குத்தானே மாதாமாதம் வாடகை வாங்கினீர்கள்?

பலகை உப்பியிருக்கிறதாம். இது ஏற்காடுங்க. மழைக்காலத்தில் உப்பு ஜாடியே கசியும், துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாது. மரம் மட்டும் சும்மா இருக்குமா? ஈரம் குடித்தால் பலகை அகலவாக்கில் விரியும். அதற்காகத்தான் சுவரோரம் கொஞ்சம் இடைவெளி விட்டுப் பதிப்பார்கள். இங்கே சுவரை முட்டவிட்டிருக்கிறார்கள். பங்குனியில் பலகை இடுக்கில் உளுந்து விழுந்து காணாமல் போகும், ஐப்பசியில் அதே பலகை மேலே எழும்பும். ஜன்னல் ஒழுகுகிறது என்று எத்தனை வாட்ஸப் அனுப்பினேன்! நீல டிக் மட்டும் வந்தது.

'ஈரத்துணி போட்டது நீதானே' என்று சிலர் வருவார்கள். போட்டோம், முதல் மாதம். இந்தத் தரைக்குத் தண்ணீர் ஆகாது என்று யாரும் சொல்லவில்லை. தெரிந்த பிறகு காய்ந்த துணிதான். பீரோ நகர்த்திய கீறலும் எங்களுடையதுதான், அதற்குப் பணம் தருகிறேன் என்று நானே சொன்னேன். 'அக்ரிமெண்டில் கையெழுத்துப் போட்டாயே?' போட்டேன். மழைக்கும் சேர்த்தா போட்டேன்?

அம்மா செவ்வாய்ப்பேட்டையில் ரெட் ஆக்சைடு தரையில் வாழ்ந்தவர். வெள்ளிக்கிழமை வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினால்தான் அவருக்கு வீடு வீடாக இருக்கும். இங்கே வந்த பிறகு, தம்ளரை வைக்கக்கூடத் துணி விரித்து வைத்தார். ராத்திரி பலகை கிறீச்சிடுமோ என்று பாத்ரூமுக்குச் சுவரைப் பிடித்து நடந்தார்.

சாவி கொடுக்கும்போது, அந்த அம்மாவை வைத்துக்கொண்டே ஓனர் சொன்னது: "சிமெண்ட் தரைக்காரங்களுக்கு மரத்தரை வீடு விட்டது எங்க தப்புங்க."

35,000 போனால் போகட்டும் என்று வந்துவிட்டேன். இல்லை, போகட்டும் என்று ஏன் சொல்ல வேண்டும்? பில் காட்டட்டும், தருகிறேன்.

கிளம்புவதற்கு முன் அம்மா குனிந்து அந்தத் தரையை ஒருமுறை துடைத்திருந்தார். காய்ந்த துணியால்தான்.