மிஸ்டர் லீ ரிப்போர்ட்டை ஏன் இரண்டு தடவை திருத்தினார்?

(அக்காவுக்கு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. பதவி உயர்வு வேண்டுமானால் டோயிக் என்ற அலுவலக ஆங்கிலத் தேர்வு எழுதி மதிப்பெண் காட்டு என்று சொல்லிவிட்டார்கள். தம்பி அந்தத் தேர்வை ஏற்கெனவே எழுதியவன். அதனால் இன்று அவன்தான் வாத்தியார். வயதில் சின்னவன் வாத்தியாராவதில் உள்ள ஆபத்து அவனுக்கு இன்னும் தெரியாது.)

தம்பி: மொத்தம் 200 கேள்வி, 2 மணி நேரம். முதல் 100 கேள்வி காதால் கேட்டு எழுதுவது, 45 நிமிஷம். அடுத்த 100 படித்து எழுதுவது, 75 நிமிஷம்.

அக்கா: பாஸ் மார்க் எவ்வளவு?

தம்பி: பாஸ், ஃபெயில் எல்லாம் கிடையாது. 10இலிருந்து 990 வரை மதிப்பெண் தருவார்கள். எவ்வளவு வேண்டும் என்று உன் அலுவலகம்தான் முடிவு செய்யும்.

அக்கா: எவ்வளவு மோசமாக எழுதினாலும் 10 உண்டா?

தம்பி: உண்டு. தப்பான விடைக்கு மதிப்பெண்ணைக் கழிப்பதும் இல்லை.

அக்கா: நம் அப்பாவைவிட நல்லவர்கள். யார் இவர்கள்?

தம்பி: அமெரிக்காவில் ஈடிஎஸ் என்று ஒரு நிறுவனம். 1979இல் முதன்முதலாக ஜப்பானில் நடத்தினார்கள்.

அக்கா: நான் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே எனக்குக் குழி வெட்டத் தொடங்கிவிட்டார்கள் என்று சொல்லு.

தம்பி: இன்றைக்கு ஐந்தாம் பகுதி பார்ப்போம். 30 வாக்கியம். ஒவ்வொன்றிலும் ஒரு கோடிட்ட இடம், கீழே நான்கு விடை. வினைச்சொல் கேள்விகள் நிறைய வரும். ஒன்றுக்கு அரை நிமிஷத்துக்கு மேல் செலவழிக்காதே. ஏழாம் பகுதியில் 54 கேள்வி வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கும். சரி, முதல் வாக்கியம். 'சின்ஸ் லாஸ்ட் மன்த், மிஸ்டர் லீ டேஷ் த ரிப்போர்ட் ட்வைஸ்.' ரிவைஸஸ், ரிவைஸ்ட், ஹேஸ் ரிவைஸ்ட், வில் ரிவைஸ். எது?

அக்கா: ஏன் இரண்டு தடவை திருத்தினார்?

தம்பி: என்ன?

அக்கா: ஒரு ரிப்போர்ட்டை ஒரே மாதத்தில் ஒரு மனிதர் இரண்டு தடவை திருத்துகிறார் என்றால் எங்கேயோ கணக்கு உதைக்கிறது. மேலே இருப்பவர் ஏதோ மாற்றச் சொல்கிறார். எங்கள் அலுவலகத்திலும் இப்படித்தான் ஆரம்பிக்கும்.

தம்பி: அக்கா, அப்படி ஒரு மனிதரே கிடையாது. 'சின்ஸ்' இருக்கிறதா? போன மாதம் தொடங்கி இன்றுவரை. அப்படியென்றால் 'ஹேஸ் ரிவைஸ்ட்'. வாக்கியத்தின் கதையைப் பார்க்காதே, காலம் காட்டும் சொல்லைப் பார்.

அக்கா: ஹேஸ் ரிவைஸ்ட். சரி. ஆனால் இன்றுவரை என்கிறாய். அப்படியானால் மூன்றாவது தடவையும் திருத்த வேண்டி வரலாம்.

(இந்தப் பகுதியை எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதில் வரும் யாரும் கடைசியில் என்ன ஆனார்கள் என்று சொல்லவே மாட்டார்கள். அக்காவின் கவலையில் நியாயம் இல்லாமல் இல்லை.)

தம்பி: அடுத்தது. 'த லிஸ்ட் ஆஃப் அன்பெய்டு இன்வாய்ஸஸ் டேஷ் ஆன் யுவர் டெஸ்க்.' இஸ்ஸா, ஆர்ரா?

அக்கா: ஆர். இன்வாய்ஸ்கள் நிறைய இருக்கின்றனவே.

தம்பி: எழுவாய் லிஸ்ட். 'ஆஃப்' போட்டுப் பின்னால் வருவதெல்லாம் உன்னை ஏமாற்ற வந்த கூட்டம். மேஜையில் இருப்பது ஒரே ஒரு பட்டியல். அதனால் இஸ்.

அக்கா: பாக்கி எல்லாம் சேர்ந்து எவ்வளவு?

தம்பி: (காதில் வாங்காமல்) 'ஆல் இன்வாய்ஸஸ் மஸ்ட் டேஷ் பை த அக்கவுண்ட்ஸ் டிபார்ட்மென்ட்.' அப்ரூவ், அப்ரூவிங்...

அக்கா: 'பீ அப்ரூவ்ட்.'

தம்பி: விடைகளை நான் இன்னும் படித்தே முடிக்கவில்லையே!

அக்கா: பில் தனக்குத்தானே கையெழுத்துப் போட்டுக்கொள்ளுமா? நாங்கள் போட வேண்டும். இது தெரியாமலா இத்தனை வருஷம் சம்பளம் வாங்குகிறேன்?

தம்பி: அதேதான்! எழுவாய் வேலையைச் செய்கிறதா, இல்லை வேலை அதன்மேல் நடக்கிறதா என்று பார்க்க வேண்டும். கோடிட்ட இடத்துக்குப் பின்னால் செயப்படுபொருள் இல்லாமல் 'பை' வந்தால் பெரும்பாலும் செயப்பாட்டு வினைதான். ஆள் யார் என்று தெரியாவிட்டால், அல்லது சொல்ல விருப்பமில்லாவிட்டால், அந்த 'பை'யைக்கூட விட்டுவிடலாம்.

அக்கா: தெரியும். எங்கள் மேலதிகாரி அனுப்பும் மின்னஞ்சல்களில் தவறுகள் 'நடந்துவிட்டன' என்றுதான் இருக்கும். எங்கள் அலுவலகத்தில் தவறுகள் எல்லாம் பெற்றோர் இல்லாத பிள்ளைகள்.

தம்பி: அடுத்து வேகமாகப் போவோம். 'அஸ் ஸூன் அஸ் த ஷிப்மென்ட் டேஷ், வி வில் கால் யூ.'

அக்கா: 'வில் அரைவ்.' சரக்கு இனிமேல்தானே வரப்போகிறது?

தம்பி: இல்லை, 'அரைவ்ஸ்'. 'அஸ் ஸூன் அஸ்', 'அன்டில்', 'பிஃபோர்' எல்லாம் நேரத்தைச் சொல்லும்போது அந்தப் பக்கம் 'வில்' வராது. இந்தப் பக்கம் 'வி வில் கால்' என்று ஒன்று வந்துவிட்டதல்லவா, அது போதும்.

அக்கா: ஒரு சொல், ஒரு வில், ஒரு இல். இராமாயணம்.

தம்பி: (பெருமூச்சுடன்) எப்படியோ, நினைவில் இருந்தால் சரி. இப்போது கொஞ்சம் சிரமமான இடம். 'டிசைட்', 'பிளான்', 'அக்ரீ' இவற்றுக்குப் பின்னால் 'டு' போட்டு வினை வரும். 'அவாய்ட்', 'கன்சிடர்', 'போஸ்ட்போன்' இவற்றுக்குப் பின்னால் ஐஎன்ஜி. இதற்குக் காரணம் கேட்காதே, மனப்பாடம் செய்.

அக்கா: காரணம் கண்ணுக்கு முன்னால் இருக்கிறதே. ஒரு முடிவுக்கு வந்தவனுக்கு 'டு'. தள்ளிப்போடுகிறவனுக்கு ஐஎன்ஜி.

தம்பி: அப்படியெல்லாம் விதி இல்லை. 'ரெஃப்யூஸ்' என்றால் மறுப்பது. அதற்கும் 'டு'தான்.

அக்கா: மறுப்பதும் ஒரு முடிவுதானே?

தம்பி: 'என்ஜாய்'க்கு ஐஎன்ஜி. அதற்கு என்ன சொல்கிறாய்?

அக்கா: வேலையைத் தள்ளிப்போடாமல் எவன் என்ஜாய் பண்ணியிருக்கிறான்?

(தம்பி பதில் தேடிப் புத்தகத்தைப் புரட்டுகிறான். புத்தகத்தில் பதில் இல்லை.)

தம்பி: 'ஃபினிஷ்'! வேலையை முடித்தவனுக்கும் ஐஎன்ஜிதான். இப்போது?

அக்கா: நீ எதையாவது முடித்து நான் பார்த்ததில்லை. அதனால் அதை மட்டும் மனப்பாடம் செய்துகொள்கிறேன். அடுத்தது?

தம்பி: இதுதான் இன்றைக்குக் கடைசி. 'த மேனேஜர் ரிக்வெஸ்டட் தட் மிஸ்டர் லீ டேஷ் த ரிப்போர்ட் அகெய்ன்.'

அக்கா: (எழுந்து நின்று) மூன்றாவது தடவை! நான் அப்போதே சொன்னேனா இல்லையா?

தம்பி: உட்கார் அக்கா. விடை என்ன?

அக்கா: 'ரிவைஸஸ்.' பாவம், ஒற்றை ஆள்.

தம்பி: தப்பு. வெறும் 'ரிவைஸ்'. 'ரிக்வெஸ்ட்', 'ரெகமெண்ட்', 'டிமாண்ட்' போன்றவற்றுக்குப் பின்னால் 'தட்' வந்து, ஒருவரை ஒன்றைச் செய்யச் சொன்னால், வினை மொட்டையாகத்தான் நிற்கும். 'ஹி'யாக இருந்தாலும் 'எஸ்' கிடையாது. கடந்த காலமும் கிடையாது. கேட்டுக்கொண்டார், அவ்வளவுதான். அவர் செய்தாரா இல்லையா என்று அந்த வாக்கியம் சொல்லாது.

அக்கா: நானாக ஒன்று சொல்லிப் பார்க்கிறேன். 'ஐ டிமாண்ட் தட் மை பிரதர் வாஷ் த டிஷஸ்.'

தம்பி: அபாரம்! 'வாஷஸ்' என்று சொல்லாமல் தப்பித்தாய். முழு மதிப்பெண்.

அக்கா: அப்புறம் ஏன் உட்கார்ந்திருக்கிறாய்?

தம்பி: நான்தான் சொன்னேனே, செய்தானா இல்லையா என்று அந்த வாக்கியம் சொல்லாது.

அக்கா: டேய்!

தம்பி: சரி, சரி. 'த டிஷஸ் வில் பீ வாஷ்ட்.'

அக்கா: யாரால்?

தம்பி: செயப்பாட்டு வினையில் அதைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை அக்கா.

அக்கா: கணக்குப் பிரிவில் கட்டாயம் உண்டு. 'பை யூ' சேர். கூடவே 'பை நைன் ஓ கிளாக்'கும் சேர்.

தம்பி: 'பை நைன்' என்று கெடு வைத்தால் 'வில் ஹேவ் பீன் வாஷ்ட்' என்றும் வினையை மாற்றலாம்.

அக்கா: வினையை நான் மாற்றிக்கொள்கிறேன். நீ எழுந்து போ.