எங்களையும் பாட விடுய்யா

எங்கள் சர்ச்சில், போன அட்வென்ட் சமயம், அதாவது கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரங்கள். இரண்டாம் ஆராதனை முடிந்து கீபோர்டை உறையில் போட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாவது பெஞ்சு ஆச்சி மெதுவாக நடந்து வந்து பக்கத்தில் நின்றார். "நல்லாத்தான்யா பாடுத. கேக்கதுக்கு நல்லாத்தான் இருக்கு. எங்களையும் கொஞ்சம் பாட விடுய்யா." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் "சரி ஆச்சி" என்று சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்தால் சாப்பாடு இறங்கவில்லை.

பதினாறு வருடமாகப் பாட்டு நடத்துகிறேன். அதிகமாகக் கத்துகிறாய், டிரம்ஸ் காதைப் பிளக்கிறது என்றெல்லாம் எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். அதையெல்லாம் துடைத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறேன். இது அப்படிப் போகவில்லை.

அன்றைக்குப் பாடியது யூடியூபில் கேட்ட ஒரு பாட்டு. ஒரிஜினல் எந்த ஸ்கேலோ (சுருதி) அதே ஸ்கேல். தாழ்வாகத் தொடங்கிக் கடைசியில் உச்சத்துக்கு ஏறும். அதைப் பாடியவர் ஸ்டுடியோவில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, தேவையானால் பத்து டேக் எடுத்துப் பாடியிருப்பார். எனக்கும் அந்த உச்சம் வரும். வரும் என்பதற்காகத்தான் அந்த ஸ்கேலில் வைத்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை என்பதை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

ஆண்கள் ஒரு ஸ்தாயியில் பாடினால் பெண்கள் அதற்கு மேல் ஸ்தாயியில் பாடுவார்கள். வயதாக ஆகப் பெண்களின் குரல் இறங்கும். நான் பாட்டின் உச்ச ஸ்வரமான 'எஃப் ஷார்ப்'பில் நின்று கண்ணை மூடி உருகும்போது ஆச்சிக்கு மேலே ஏற முடியாது. சரி என்று கீழே இறங்கி என்னோடு சேர்ந்துகொண்டால், அடுத்த வரியில் மெட்டு தாழும்போது குரல் பாதாளத்தில் மாட்டிக்கொள்ளும். வாயை மூடிக்கொள்வதைத் தவிர அவருக்கு வேறு வழியே கிடையாது.

இப்போது நான் வைத்திருக்கிற கணக்கு இதுதான். பாட்டின் உச்ச ஸ்வரம் அதைவிடத் தாழ்ந்த மேல் 'டி'. மிஞ்சிப்போனால் 'ஈ ஃபிளாட்'. அதைத் தாண்டினால் கீபோர்டில் ஸ்கேலை இறக்குகிற டிரான்ஸ்போஸ் பட்டனை அழுத்திவிடுவேன். "ஓப்பன் கார்டு போயிரும்ண்ணே" என்று, வாசிக்கச் சுலபமான விரல்பிடி போய்விடுமே என்று, கிட்டார் தம்பி முகத்தைச் சுளிப்பான். கம்பிகளை அழுத்திப் பிடிக்கிற கிளிப், அந்தக் கேப்போ எதற்குடா இருக்கிறது என்பேன். 'ஈ ஃபிளாட்' ஸ்கேல் வேண்டுமென்றால் முதல் ஃப்ரெட்டில் மாட்டிக்கொண்டு 'டி' வாசித்தால் போயிற்று. ஸ்கேல் குறைந்தால் என் குரலில் இருக்கிற பளபளப்பு போய்விடுகிறது, வாஸ்தவம்தான். போகட்டும்.

மே மாதம் தொண்டைப் புண்ணில் மூன்று வாரம் பாட முடியவில்லை. கடைசிப் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். முன்னால் இருந்த நான்கு பெஞ்சில் யார் யார் உதடு அசைகிறது என்று எண்ணினேன். ஏழு பேர். மற்றவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பாட்டு வரி ஓடும் திரையையே பார்த்து நின்றார்கள். மேடையில் நின்ற பிள்ளைகளின் முகத்தில் மட்டும் அப்படி ஒரு மகிழ்ச்சி. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். காலடியில் இருக்கிற மானிட்டர் ஸ்பீக்கரில் திரும்பி வருவது தங்கள் குரல்தான். சபை பாடுகிறதா இல்லையா என்பது அங்கே நிற்பவர்களுக்குக் கேட்கவே கேட்காது.

அப்புறம் என்ன செய்வோம்? திட்டுவோம். "என்ன சபையே, காலையில சாப்பிடலையா? இன்னும் சத்தமா!" இதை நானும் சொல்லியிருக்கிறேன். பாட முடியாத உயரத்தில் பாட்டை வைத்துவிட்டு, பாடவில்லையே என்று எழுபது வயதுக்காரர்களைக் கண்டித்திருக்கிறேன்.

நம்முடைய கிறிஸ்தவக் கீர்த்தனைகளைக் கட்டியவர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிட விவரமானவர்கள். 1774-ல் திருநெல்வேலியில் பிறந்து தஞ்சாவூரில் வளர்ந்த வேதநாயகம் சாஸ்திரியாரை எடுத்துக்கொள்ளுங்கள். சரபோஜி மன்னரோடு கூடப் படித்தவர், சங்கீதம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவரைப் போன்றவர்கள் எடுத்துக்கொண்ட வடிவம் பல்லவியும் சரணமும். சரணத்தைத் தெரிந்தவர் பாடுவார், பல்லவி வந்ததும் எல்லாரும் சேர்ந்துகொள்வார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் இரண்டாவது சுற்றில் பாட்டுக்குள் வந்துவிடுவார். மதுரை அமெரிக்க மிஷனில் இருந்த எட்வர்ட் வெப் 1853-ல் இப்படிப்பட்ட கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். இன்றைக்கும் நம் கீர்த்தனைப் புத்தகத்தில் பாட்டுக்கு மேலே ராகமும் தாளமும் போட்டிருக்கிறதே, பார்த்திருப்பீர்கள். கட்டை, அதாவது எந்தச் சுருதியில் பாடுவது என்பது மட்டும் போட்டிருக்காது. அது கூடியிருக்கிறவர்களின் தொண்டையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியது.

பாமாலைக்காரர்கள், அதாவது மேல்நாட்டு மெட்டில் அமைந்த ஞானப்பாட்டுகளைப் பாடுகிறவர்கள், கோபித்துக்கொள்ளக் கூடாது. நானும் பாமாலையில் வளர்ந்தவன்தான். ஆனால் ஜெர்மன், ஆங்கில மெட்டுக்குள் தமிழைத் திணிக்கும்போது குறில் வரவேண்டிய இடத்தில் நெடில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. 'கருணை'யை எத்தனை வருடம் 'கரூணை' என்று பாடியிருப்போம்! ஆனாலும் அதில் ஒரு நல்லது உண்டு. நான்கு வரி மெட்டு, ஐந்து சரணத்துக்கும் அதேதான் திரும்பத் திரும்ப வரும். தெரியாதவர்கூட மூன்றாம் சரணத்தில் பிடித்துக்கொள்வார்.

"தாவீது ராஜாவே ஆலயத்தில் பாடப் பாடகர்களை ஏற்படுத்தினாரே" என்று ஒரு நண்பர் மடக்கினார். உண்மைதான். வேதாகமத்தில் முதலாம் நாளாகமம் 25-ல் கணக்கே இருக்கிறது, 288 பேர். எல்லாரும் தேர்ந்தவர்கள். ஆனால் அதே வேதாகமத்தில் 136-ஆம் சங்கீதத்தையும் புரட்டிப் பாருங்கள். 26 வசனம், ஒவ்வொன்றின் முடிவிலும் அவருடைய கிருபை என்றும் உள்ளது என்ற அதே வரி. தாவீதின் மகன் சாலொமோன் ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்த அன்று ஜனங்கள் எல்லாரும் முகங்குப்புற விழுந்து சொன்னதும் அந்த வார்த்தைகளைத்தான். 288 வித்வான்களை வைத்திருந்த ஊரிலும் ஜனத்துக்கென்று ஒரு பல்லவி இருந்திருக்கிறது.

இதற்காகப் புதுப்பாட்டே வேண்டாம் என்கிற ஆள் இல்லை நான். வாலிபப் பிள்ளைகள் கொண்டுவருகிற பாட்டு சிலது உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. மாதத்துக்கு ஒன்று, அதையே நான்கு ஞாயிறும் பாடு என்கிறேன், அவ்வளவுதான். வாராவாரம் இரண்டு புதுப்பாட்டு இறக்கினால் சபைக்கு அது கச்சேரிதான்.

சரி, ஆச்சி விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் ஒரு பழைய கீர்த்தனையை இரண்டு கட்டையில், அதாவது 'டி' ஸ்கேலில் வைத்துப் பாடினோம். கடைசிப் பல்லவியில் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு மைக்கிலிருந்து இரண்டடி பின்னால் போனேன். பெண்கள் பக்கமிருந்து சத்தம் வந்தது, தாளத்துக்கு அரை அட்சரம் பின்தங்கி, கொஞ்சம் இழுத்தாற்போல. டிரம்ஸ் பையன் பதறிப்போய் என்னைப் பார்த்தான். அடிக்காதே என்று தலையாட்டினேன். அதற்கு நடுவே ஆச்சியின் குரல் தனியாகக் கேட்டது. இரண்டாவது வரியில் ஒரு சின்னச் சங்கதி, மெட்டில் ஒரு நெளிவு, போட்டு இறங்கினார். அந்தச் சங்கதியை இந்தப் பதினாறு வருடத்தில் நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

ஆராதனை முடிந்ததும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தவரிடம் போய், "அந்த இடத்த இன்னொரு தடவ பாடுங்க ஆச்சி" என்றேன், போனில் ரெக்கார்டை அழுத்திக்கொண்டே. இரண்டு முறை முயன்று பார்த்தார். "தனியா வர மாட்டேங்குய்யா. எல்லாரும் பாடும்போது தானா வருது" என்று சொல்லிவிட்டு ஆட்டோ ஏறப் போய்விட்டார். மத்தியானம் முழுக்க கீபோர்டில் தேடினேன். இன்னும் சிக்கவில்லை.