சிலிப்பர் கட்டை விறகில்லை

சனிக்கிழமை எங்கள் கோயில் அன்னதானத்துக்குச் சிலிப்பர் கட்டை எரித்துச் சமைத்ததைப் பற்றி ஒரு பதிவு போட்டதோடு இனி வாய் திறப்பதில்லை என்றுதான் இருந்தேன். நேற்று இரவு என் பதிவின் கீழே "படிச்ச திமிர்" என்று ஒருவர் எழுதியதையும், அதற்கு ஊரில் எனக்குத் தெரிந்தவர்களே விருப்பக்குறி போட்டிருந்ததையும் பார்த்த பிறகு முடியவில்லை.

நான் சொன்னது ஒன்றே ஒன்று. ரயில் பாதையில் தண்டவாளத்துக்குக் கீழே கிடந்து கழற்றிய சிலிப்பர் கட்டையை அடுப்பில் வைக்காதீர்கள். கோயிலைக் குறை சொல்லவில்லை. சமைத்தவர்களைக் குறை சொல்லவில்லை. கட்டையைத்தான் சொன்னேன்.

கறையானும் உக்கலும் பிடிக்காமல் இருக்க, நிலக்கரித் தாரில் இருந்து எடுத்த கிரியோசோட் எண்ணெயை அந்த மரத்துக்குள் அழுத்தி ஏற்றியிருக்கிறார்கள். வருடக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் கிடந்தாலும் அது முழுதாகப் போய்விடாது. மத்தியான வெயிலில் கட்டையின் வெட்டுமுகத்தைப் பாருங்கள். வெடிப்புகளில் கறுப்பாகக் கசியும். விரலில் பட்டால் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாலும் வாடை போகாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு, பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை என்ற வரிசையில் இதை வைத்திருக்கிறது. அதைத்தான் சோற்றுக் கிடாரத்துக்குக் கீழே கொளுத்தினோம்.

"அப்பா காலத்தில இருந்து எரிக்கிறம், என்ன நடந்தது?" என்று கேட்கிறீர்கள். என் பெரியப்பா திருகோணமலையில் சீனக்குடாப் பக்கம் பாதை வேலை செய்தவர். கட்டையைத் தோளில் சுமந்துவிட்டு வந்தால் கழுத்தும் முழங்கையும் சிவந்து எரியும். பெரியம்மா தேங்காய் எண்ணெய் பூசிவிடுவா. வெயில் கொப்பளம் என்றுதான் எல்லோரும் சொன்னோம். கட்டையில் இருந்த கிரியோசோட் பட்ட தோலில் வெயில் விழுந்தால் அப்படித்தான் எரியும் என்று அப்போது யாருக்குத் தெரியும்? ஒன்றும் நடக்கவில்லை என்பவர்கள் அவருடைய கழுத்தைப் பார்த்ததில்லை.

பழைய சிலிப்பர் எல்லாம் பாலை மரம்தானே, தானாகவே உறுதியான அதற்கு எதற்குத் தார் என்று ஓர் அண்ணன் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. பாலைக் கட்டைகளும் இருந்தன. ஆனால் அன்று எரிந்தது எது என்பதை அந்தக் கரும்புகையும் நெடியுமே சொல்லின. விறகு விலையைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம், நானும் அடுப்பு எரிக்கிறவள்தான்.

"அப்ப பச்சை மருந்து ஏத்தின கம்பத்தை எரிக்கலாமா அக்கா?" என்று ஒரு தம்பி சிரிப்புப் பொம்மை போட்டுக் கேட்டிருந்தார். அது இன்னும் மோசம், தம்பி. மரம் உக்காமல் இருக்க ஏற்றும் அந்த மருந்தில் பெரும்பாலும் செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றும் இருக்கும். அமெரிக்காவின் விஸ்கொன்சினில் ஒரு குடும்பம் அந்த மரத்தை எரித்து வீட்டைச் சூடாக்கி, எட்டுப் பேரும் நோயில் விழுந்ததை 1984இல் மருத்துவ இதழிலேயே எழுதினார்கள். முடிகூடக் கொட்டியது. ஆர்சனிக் நஞ்சு எரிந்து அழிவதில்லை. கொஞ்சம் புகையோடு போகும், மீதி சாம்பலில் நிற்கும். அங்கே 2003 முடிவோடு பெரும்பாலான வீட்டுப் பாவனைகளுக்கு அந்த மரம் செய்வதையே நிறுத்திவிட்டார்கள்.

நாங்கள் சாம்பலை என்ன செய்கிறோம்? சட்டி விளக்குகிறோம், வாழைக்கும் முருங்கைக்கும் போடுகிறோம். உப்புவெளி, நிலாவெளி மணலில் மேலே விழுந்தது கீழே இறங்க எவ்வளவு நேரம் பிடிக்கும்? கிணறு அதே வளவுக்குள்தான் இருக்கிறது.

எனக்கு வலிப்பது திமிர் என்ற சொல் இல்லை. காலை முழுக்க அந்தப் புகைக்குள் குந்தியிருந்து, சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு அகப்பை பிடித்த பெண்களை இவ்வளவு கருத்துகளில் ஒருவர்கூட விசாரிக்கவில்லை. கண் எரியுது பிள்ளை என்று ஒரு அம்மா என்னிடம் சொன்னா. அவவுக்காகத்தான் வாய் திறந்தேன். ஊரின் பெயர் கெட்டுப்போகுமாம். அவவின் நெஞ்சு கெட்டால் பரவாயில்லையா?

மிச்சக் கட்டைகள் இன்னும் மதிலோரம் அடுக்கித்தான் இருக்கின்றன. யாரும் வீட்டுக்குக் கொண்டு போகாதீர்கள். வேலிக்கும் வேண்டாம், மரக்கறிப் பாத்திக்கும் வேண்டாம். அடுத்த சமையலுக்கு ஒரு பாரம் நல்ல விறகுக்கு நான் காசு தருகிறேன். பொறுப்பானவர்கள் எனக்குச் சொல்லுங்கள்.