நேபாளத்தைத் தள்ளிவிட்டது யார்?

"நேபாளம் சீனா பக்கம் சாய்ந்துவிட்டது, நன்றி கெட்டவர்கள்" என்று தில்லியில் நம் தமிழ் நண்பர்களே சர்வசாதாரணமாகச் சொல்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் மனசு வலிக்கிறது. சாய்ந்தார்கள் என்றால், தள்ளிவிட்டதில் நமக்குப் பெரிய பங்கு உண்டு.

2015 ஏப்ரலில் அங்கே நிலநடுக்கம் வந்தபோது சில மணி நேரத்திலேயே நம் விமானப்படை உதவிக்குப் போனது. அவ்வளவு நல்ல பெயரையும் ஐந்தே மாதத்தில் கெடுத்துக்கொண்டோம். செப்டம்பரில் நேபாளத்தில் புதிய அரசியல் சாசனம் வந்தது. தெற்கே சமவெளியில் வாழும் மாதேசிகள் அதை எதிர்த்துப் போராடினார்கள். அவர்கள் குறையில் நியாயம் இருந்தது. ஆனால் பீகாரின் ரக்சவுல் எல்லையில் நேபாளத்துக்குச் சரக்கு கொண்டுபோகும் லாரிகள் மாதக்கணக்கில் நின்றன. தடை எதுவும் போடவில்லை, போராட்டத்தால்தான் நிற்கின்றன என்றது இந்திய அரசு. நேபாளிகள் யாரும் நம்பவில்லை.

எங்கள் குடியிருப்பின் இரவுக் காவலாளி பையாவின் தம்பி அப்போது காத்மாண்டுவில் டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தார். பெட்ரோல் வரிசையில் வண்டியை விட்டு நகர முடியாமல் அதிலேயே தூங்குவாராம். சமையல் எரிவாயு பாதி சிலிண்டர்தான் கிடைத்தது. அதுவும் தீர்ந்தால் விறகு. வீடு இடிந்து தகரக் கொட்டகைக்குள் இருந்தவர்களுக்கு அந்தக் குளிர்காலம் எப்படி இருந்திருக்கும்!

2016 மார்ச்சில் நேபாளப் பிரதமர் கே.பி. ஒலி பெய்ஜிங் போய்ச் சீனாவோடு போக்குவரத்து ஒப்பந்தம் போட்டார். சீனத் துறைமுகங்கள் கொல்கத்தாவைவிடப் பல மடங்கு தூரம் என்று அவருக்குத் தெரியாதா? ஒரே வாசலை நம்பி இருக்க முடியாது என்ற பயம்தான்.

அப்புறம் 2020. நேபாளம் தன்னுடையது என்று சொல்லும் லிபுலேக் கணவாய்ப் பகுதியில் நாம் போட்ட சாலைக்கு அவர்கள் எதிர்ப்புச் சொன்னபோது, வேறு யாரோ தூண்டிப் பேசுகிறார்கள் என்ற பொருள்பட நம் ராணுவத் தளபதியே பேசினார். நம் கூர்க்கா படைப்பிரிவுகளில் நேபாளப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக உயிரைக் கொடுத்திருக்கிறார்கள். அந்த நாட்டைப் பார்த்துப் பேசுகிற பேச்சா இது?

இரு நாடுகளும் போட்ட 1950 நட்புறவு ஒப்பந்தத்திலேயே நெருடல் தொடங்கிவிட்டது. அவர்கள் தரப்பில் பிரதமரே கையெழுத்துப் போட்டார். நம் தரப்பில் தூதர். பிரதமர் பதவியை வழிவழியாக வைத்திருந்த அந்த ராணா குடும்ப ஆட்சியும் சில மாதங்களில் கவிழ்ந்தது. மக்களைக் கேட்காமல் போட்டது என்று நேபாளிகள் சொன்னால், கச்சத்தீவு பற்றி 1974 முதல் பேசிவரும் நமக்கா அது புரியாது?

இந்த ஒப்பந்தம் முதலான பழைய நெருடல்களைச் சீர்செய்யத்தான் 2016-இல் இரு நாடுகளும் சேர்ந்து பக்கத்துக்கு நால்வராக எட்டுப் பேர் குழு அமைத்தன. நம் தரப்புக்கு பகத் சிங் கோஷியாரி, அவர்கள் தரப்புக்கு பேக் பகதூர் தாபா தலைமை. 2018-இல் ஒருமித்த அறிக்கை தயார். ஆனால் அதை வாங்கிக்கொள்ள இந்தியப் பிரதமர் வருடக்கணக்கில் நேரம் ஒதுக்கவில்லை. நாமே நியமித்தவர்கள் எழுதியது அது! பிடிக்காத பகுதி இருந்தால் மறுக்கலாம், பேரம் பேசலாம். முதலில் வாங்க வேண்டும். வாங்கி, நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும். அடுத்த முறை எங்கள் தொகுதியில் வாக்குக் கேட்டு வருபவர்களிடம் நான் இதைத்தான் கேட்கப்போகிறேன். நீங்களும் கேளுங்கள்.