படிகாரம் போட்டால் வெள்ளத் தண்ணீர் குடிநீர் ஆகாது

"புயல் வருது, தண்ணி கேன் வாங்கிக் காசைக் கரைக்காதீங்க. படிகாரக் கட்டி ஒன்று இருந்தால் வெள்ளத் தண்ணீரையே குடிக்கலாம், காய்ச்சவும் வேண்டாம்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி வடசென்னையில் தண்டையார்பேட்டை, வியாசர்பாடி குரூப்களில் சுற்றுகிறது. இது தவறு.

படிகாரம் சேற்றை அடியில் படிய வைக்கும், அவ்வளவுதான். தண்ணீர் தெளிவாகத் தெரியும். கிருமிகள் அதில் மிச்சம் இருக்கும். தெளிந்த நீரை வடிகட்டி, நன்றாகக் கொதி வந்தபின் 1 நிமிடமாவது கொதிக்க விட வேண்டும். அல்லது குளோரின் மாத்திரை, அதன் உறையில் உள்ள அளவுப்படி.

ஆனால் நம் பகுதிக்கு இதுவும் போதாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் கலந்து எண்ணூர் கழிமுகம் வரை பரவியதைப் பார்த்தோமே! எண்ணெயும் ரசாயனமும் காய்ச்சினாலும் போகாது, குளோரினுக்கும் அசையாது. வெள்ளம் புகுந்த சம்ப் (தரைக்கு அடியில் உள்ள தொட்டி) தண்ணீரும் அப்படித்தான்.

அதனால் மழைக்கு முன்பே ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் வீதம், குறைந்தது 3 நாளைக்கு மூடிய கேனிலோ குடத்திலோ பிடித்து வையுங்கள். உலக சுகாதார நிறுவன இணையதளத்தில் குடிநீர் சுத்திகரிப்பு பற்றிப் பார்க்கலாம். உள்ளூர் சந்தேகங்களுக்கு சென்னை மாநகராட்சி எண் 1913. அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து பகிராதீர்கள், அனுப்பியவருக்கு இதை அனுப்புங்கள்.